தெரபித் துண்டிலிருந்து மலை இறக்கம் வரை: மலையகத்தில் பிசியோதெரபியும் வலுப்பயிற்சியும் தொடங்குவோருக்கான வழிகாட்டி

இடுப்பு வலியோ முழங்கால் வலியோ தூக்க முடியாத தோளோ வந்தால், இலங்கை மலையகத்தில் நம்மவர்கள் டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்குவார்கள், இல்லையேல் தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பார்கள். பிசியோதெரபியும் அதைத் தொடர்ந்த வலுப்பயிற்சியும் அரச வைத்தியசாலைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் எந்த வாசலால் நுழைவது, எந்தக் கடதாசியைக் கொண்டு போவது, எத்தனை கிழமை பொறுத்திருப்பது என்று சொல்ல ஆளில்லாததால் பலர் முதல் அலைச்சலோடு விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை வியாதியுள்ள என் தாயாரின் தோளுக்காகவும், பின்னர் என் முழங்காலுக்காகவும் நான் அந்த அலைச்சலை முழுமையாகப் பட்டிருக்கிறேன். ஒரு வைத்தியசாலையில் கிளினிக் நாள் மாறிய செய்தி சிங்களத்தில் மட்டும் ஒட்டப்பட்டிருந்ததால், காலை முழுவதும் அம்மா பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு அது வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு கேள்விக்கு விடை தேவை. காலையிலிருந்து மலையில் நின்று கொழுந்து பறிப்பவருக்கும், தண்ணீர் சுமப்பவருக்கும், மருந்து தெளிக்கும் டாங்கியை முதுகில் கட்டுபவருக்கும் எதற்கு இன்னும் உடற்பயிற்சி என்று வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். வேலை உடலை ஒரே பக்கமாக, ஒரே விதமாக, ஓய்வுக்கு இடம் தராமல் தேய்க்கிறது. சுமை எப்போது கூட வேண்டும் என்பதைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு தீர்மானிக்கிறதே தவிர உங்கள் முழங்கால் தீர்மானிப்பதில்லை. வலுப்பயிற்சியில் சுமையை நீங்களே அளந்து கூட்டுகிறீர்கள், இடையில் ஓய்வு கொடுக்கிறீர்கள், அந்த ஓய்வில்தான் தசை வளர்கிறது. அன்றாட வேலை கேட்கும் வலுவைவிடக் கொஞ்சம் கூடுதலாக உடலில் சேமிப்பு இருந்தால், வழுக்கும் வரப்பில் கால் தடுமாறும் நாளில் அது கைகொடுக்கும்.

1. அவசரமானதை முதலில் பிரித்துவிடுங்கள்

இடுப்பு வலியோடு சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போதல், சிறுநீர் வெளியேறாமல் தேங்குதல், இரு தொடைகளுக்கும் நடுவே மரத்துப்போதல், கால் நாளுக்கு நாள் வலுவிழத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாத உடல் மெலிவு, புற்றுநோய் வந்து குணமானவருக்குப் புதிதாகத் தோன்றும் எலும்பு வலி, படுத்தாலும் தணியாத இரவு வலி, வயதானவர் விழுந்தபின் வரும் இடுப்பு வலி ஆகியவற்றுக்கும் தைலம் தீர்வாகாது. டொக்டர் பார்த்தே ஆக வேண்டும். நெஞ்சில் இறுக்கத்தோடு தோளுக்கோ கைக்கோ பரவும் வலியைத் தோள்பட்டை வலி என்று எண்ணிவிடாதீர்கள்.

கணுக்கால் பிரண்டால் எக்ஸ்ரே தேவையா என்பதை ஓரளவு வீட்டிலேயே ஊகிக்கலாம். பிரண்ட உடனேயும் பிறகும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் இரு பக்கத்து எலும்பு முனைகளிலோ அவற்றின் பின்விளிம்பிலோ அழுத்தும்போது கடுமையாக வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதற்கு முன் யாரையும் உருவிவிட அனுமதிக்காதீர்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் கட்டணமின்றி வரும். தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. டிவிசனின் பெயரையும், வண்டி வரக்கூடிய கடைசிச் சந்தியையும், அங்கே யார் கையில் டோர்ச்சோடு நிற்பார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2. கடதாசிகளை ஒரே உறையில் சேருங்கள்

தேசிய அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பி, முன்பு வார்ட்டில் தங்கியிருந்தால் வெளியேறும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே படங்கள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், இப்போது குடிக்கும் மாத்திரைகளின் உறைகள் ஆகியவை அடிப்படையானவை. மாத்திரையின் பெயர் தெரியாவிட்டால் வெற்று அட்டையையாவது கொண்டு போங்கள். "வெள்ளை நிறக் குளிசை" என்று சொன்னால் எந்த டொக்டராலும் எதையும் அறிய முடியாது. எக்ஸ்ரே படத்தை மடிக்கக்கூடாது. மழைக்காலத்தில் பொலித்தீன் உறைக்குள் நேராக வையுங்கள். லயத்துச் சுவரின் ஈரத்தில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாவதை நான் பார்த்திருக்கிறேன். கைத்தொலைபேசியில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வைப்பது இன்னொரு காப்பு.

வேலைத்தலத்தில் விழுந்தோ சுமை தூக்கியோ காயம் ஏற்பட்டிருந்தால், சிகிச்சைக்கு ஓடும் அவசரத்திலும் ஒரு காரியத்தை மறக்காதீர்கள். தோட்டக் காரியாலயத்துக்கு அன்றே எழுத்தில் அறிவித்து, எந்த மலையில், எத்தனை மணிக்கு, யார் பார்த்திருக்க, எப்படி நேர்ந்தது என்று பதியச் செய்து, பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின் கீழ் பின்னர் கோரிக்கை வைக்க நேர்ந்தால் இந்தப் பதிவுதான் முதலில் கேட்கப்படும். கங்காணியிடம் வாயால் சொன்னது பதிவாகாது. வைத்தியசாலையிலும், காயம் வேலையில் நேர்ந்தது என்பதைக் கொப்பியில் எழுதும்படி வெளிப்படையாகக் கேளுங்கள்.

3. எந்த வாசலால் நுழைவது

பிசியோதெரபிப் பிரிவுக்கு நேரே போய் நின்றால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். அங்கே போக ஒரு டொக்டரின் கையொப்பமிட்ட துண்டு, அதாவது பரிந்துரைச் சீட்டு, வேண்டும். அந்தத் துண்டு கிடைக்கும் சாதாரண வழி இது: வெளிநோயாளர் பிரிவில் காட்டுகிறீர்கள், அங்குள்ள டொக்டர் தேவையென்றால் எலும்பு சிகிச்சை அல்லது வாதநோய் கிளினிக்குக்கு அனுப்புகிறார், அந்த கிளினிக்கிலிருந்து பிசியோதெரபிக்கு எழுதுகிறார்கள். எளிமையான தசை வலிக்கு வெளிநோயாளர் பிரிவிலிருந்தே நேராக எழுதித் தருவதும் உண்டு, ஆகவே அங்கேயே பணிவாகக் கேட்டுப் பாருங்கள். ஒரு கேள்வியால் சில கிழமைகள் மிச்சமாகலாம். தோட்ட டிஸ்பென்சரியில் அல்லது பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையில் ஏற்கெனவே மருந்து எடுத்திருந்தால், அவர்களிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. எத்தனை நாளாக வலி, என்ன மருந்து கொடுத்தோம், குறைந்ததா என்று அதில் மூன்று வரி இருந்தால் போதும்.

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தவர்களுக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலையும், நுவரெலியா, நானுஓயா, தலவாக்கலைப் பக்கத்தவர்களுக்கு நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையும் இயல்பான முதற்படிகள். கினிகத்தேனைப் பக்கம் நாவலப்பிட்டியும், பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் தியத்தலாவையும் அதற்கு மேல் பதுளையும் உள்ளன. சத்திரசிகிச்சை, முள்ளந்தண்டுக் காயம், பக்கவாதம் போன்ற பெரிய விடயங்கள் கண்டிக்கோ பேராதனைக்கோ அனுப்பப்படும். நீண்டகாலம் தங்கிச் செய்யும் புனர்வாழ்வுக்குக் கண்டிக்கு அருகே திகனையில் தனி வைத்தியசாலை இருக்கிறது. பெரிய இடம்தான் நல்லது என்று எண்ணி முதல் நாளே கண்டிக்கு பஸ் ஏறாதீர்கள். பிசியோதெரபி என்பது கிழமைக்கு ஒரு முறையோ இரு முறையோ பல கிழமைகள் போக வேண்டிய காரியம் என்பதால், போய் வரக்கூடிய தூரத்திலுள்ள சாதாரணப் பிரிவே, தூரத்திலுள்ள சிறந்த பிரிவைவிட உங்களுக்குப் பயன்படும்.

நேரத்தைப் பற்றிச் சில எச்சரிக்கைகள். கிளினிக்குகள் குறிப்பிட்ட கிழமை நாட்களில் மட்டும், பெரும்பாலும் காலையில் நடக்கும். நம்பர் கொடுப்பது அதற்கு வெகு முன்னதாகவே தொடங்கிவிடும். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் கிளினிக் இராது, அந்த நாளுக்குரியவர்கள் அடுத்த முறையில் சேர்வதால் அன்று கூட்டம் இரட்டிக்கும். கலண்டரைப் பார்க்காமல் திகதி வாங்காதீர்கள். டிசம்பர் போயாவிலிருந்து மே மாதப் போயா வரை சிவனொளிபாதமலைப் பருவம் என்பதால் ஹட்டன், மஸ்கெலியா பஸ்களில் வார இறுதியை ஒட்டிய நாட்களில் இடம் கிடைக்காது. அறிவிப்புப் பலகையை மட்டும் நம்பாமல், கொப்பியில் திகதி எழுதித் தரும் தாதியிடம் நாளையும் நேரத்தையும் வாயால் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். சிங்களம் தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரை முதல் நாளில் மட்டுமாவது அழைத்துச் செல்வது வீண் செலவாகாது.

துண்டு கிடைத்ததும் பிசியோதெரபியில் முதல் திகதி சில கிழமைகள் தள்ளிக் கிடைக்கலாம். அப்போது தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வராமல், "அதுவரை வீட்டில் செய்ய ஒன்றிரண்டு பயிற்சி காட்டித் தாருங்கள்" என்று கேளுங்கள். இந்த ஒரு வசனத்தை மறக்காதீர்கள்.

4. செலவைக் கணக்கிடுங்கள்

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. உண்மையான செலவு பஸ் காசும், ஓட்டோக் காசும், இழக்கும் பேரும், அதாவது ஒரு நாள் வேலைப் பதிவும்தான். நாட்சம்பளத்தில் வேலை செய்பவர் கிழமைக்கு ஒரு பேரை விட்டால் மாத முடிவில் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்து, அதற்கேற்ப பிசியோதெரபிஸ்டிடம் பேசுங்கள். "கிழமைக்கு ஒரு முறை வர என்னால் முடியாது, மூன்று கிழமைக்கு ஒரு முறை வந்தால் வீட்டில் எதைச் செய்வது" என்று கேட்பது வெட்கப்படவேண்டிய கேள்வியன்று. வராமலே விட்டுவிடுவதைவிட அது எவ்வளவோ மேல், அவர்களும் அதற்கேற்பத் திட்டத்தை மாற்றித் தருவார்கள். மெடிக்கல் சான்றிதழ் தேவைப்பட்டால் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். பின்னால் போய்க் கேட்டால் கிடைப்பது சிரமம்.

தனியாரிடம் டொக்டரை சனல் செய்யும்போது, அதாவது முன்பதிவு செய்து காட்டும்போது, டொக்டர் கட்டணம், நிலையத்தின் கட்டணம், முன்பதிவுக் கட்டணம் என்று மூன்றும் தனித்தனியே சேரும்; மொத்தம் எவ்வளவு என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். பிசியோதெரபி ஒவ்வொரு அமர்வுக்கும் கட்டணமாகும். பத்து அமர்வு, பதினைந்து அமர்வு என்று முதல் நாளே கட்டாகப் பணம் வாங்க முயன்றால், ஒரு அமர்வுக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். முதல் அமர்வில் உங்களை நடக்கவும் குனியவும் சொல்லிப் பார்க்காமல், வீட்டுப் பயிற்சி எதுவும் தராமல், மெஷினை மட்டும் ஒட்டி அனுப்பினால் இரண்டாம் முறை போக வேண்டியதில்லை. பிசியோதெரபிஸ்டுகள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும்; பதிவிலக்கத்தைக் கேட்பது உங்கள் உரிமை. அக்ரஹார காப்புறுதி உள்ள ஆசிரியர்களும் ஏனைய அரச ஊழியர்களும் மூலப் பற்றுச்சீட்டையும் டொக்டரின் துண்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, எந்தச் செலவு ஈடுசெய்யப்படும் என்பதை முன்கூட்டியே காரியாலயத்தில் விசாரியுங்கள்.

5. முதல் நாள் உள்ளே என்ன நடக்கும்

முழங்காலைக் காட்டக்கூடிய தளர்வான உடை, தோள் வலியென்றால் கை எளிதில் கழலும் சட்டை அணிந்து போங்கள். உள்ளே சுவரில் பொருத்திய விரலேணியும், கப்பி வைத்த கயிறும், கட்டில்களும், சூட்டு ஒத்தடப் பொதிகளும் இருக்கும். என் தாயாரின் கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி, இரண்டு கைகளைக் கொண்ட கோணமானியை மூட்டில் வைத்து அளந்து, பாகையைக் கொப்பியில் குறித்தார்கள். அந்த எண்ணைக் கேட்டு நீங்களும் எழுதி வையுங்கள். வலி நாளுக்கு நாள் ஏறி இறங்குவதால் மனம் தளரும் கிழமைகளில், கை முன்பைவிட மேலே போகிறது என்று காட்ட அந்த எண் ஒன்றுதான் சாட்சி. சர்க்கரை வியாதிக்காரருக்கு இறுகிய தோள் அதிகமாக வரும், அது தளர ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். இதை முதல் நாளே அறிந்திருந்தால் இரண்டாம் மாதத்தில் வேறு வைத்தியம் தேடி ஓடமாட்டீர்கள்.

உங்கள் வேலையையும் வீட்டையும் விவரமாகச் சொல்லுங்கள். வீட்டுக்கு எத்தனை படி, மலசலகூடம் குந்தும் வகையா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கூடையைத் தலையில் மாட்டுகிறீர்களா, எந்தக் கையால் அதிகம் பறிக்கிறீர்கள் என்பவை எல்லாம் சிகிச்சைக்கு வேண்டிய விபரங்கள். "கனமாகத் தூக்காதீர்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், தூக்காமல் பிழைக்க முடியாது என்பதைச் சொல்லி, எவ்வளவு, எப்படித் தூக்குவது என்று காட்டித்தரும்படி கேளுங்கள்.

இங்கே பெரிய பொறி, நம்மவர்கள் "கரண்ட் பிடிப்பது", "லைட் பிடிப்பது" என்று சொல்லும் மெஷின்கள். சூடும் மின்தூண்டலும் வலியைச் சிறிது நேரம் தணிக்கும், அதனால் பயிற்சி செய்வது இலகுவாகும்; அதற்கு மேல் அவை தசையை வலுப்படுத்துவதில்லை. கரண்ட் பிடிக்க மட்டும் மாதக்கணக்காகப் போய், பயிற்சித் தாளைக் கொப்பிக்குள் மடித்து வைத்திருப்பவர்களை ஒவ்வொரு கிளினிக்கிலும் காணலாம். வைத்தியசாலை வழியைக் காட்டும். வலு வீட்டில்தான் ஏறும்.

6. வீட்டில் வலுப்பயிற்சியைத் தொடங்குதல்

35 வயதைக் கடந்தவர்கள் முதலில் அரச வைத்தியசாலைகளிலுள்ள ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் 180க்கு 110 என்ற அளவை எட்டியிருந்தால் அதைக் கட்டுப்படுத்திய பிறகே பயிற்சி. பெண்கள் படி ஏறும்போதே மூச்சு வாங்கிச் சோர்ந்தால் இரத்தச்சோகை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

தொடக்க நிலையை அளக்க ஒரு கதிரை போதும். சுவரோடு ஒட்டி வைத்த, ஏறத்தாழ 43 சென்ரிமீற்றர் உயரமான கதிரையில் அமர்ந்து, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 செக்கனில் எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்காருகிறீர்கள் என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண் 12 முறைக்கும், அதே வயது ஆண் 14 முறைக்கும் குறைவாக எழுந்தால் கால் வலு சராசரிக்குக் கீழ் என்று கொள்ளப்படுகிறது. உங்கள் எண்ணைத் திகதியோடு எழுதுங்கள்.

கதிரையிலிருந்து எழுவதே முதற் பயிற்சியும் ஆகும். மெதுவாக, மூன்று எண்ணி உட்கார்ந்து, எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும். அது இலகுவானதும் ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யலாம். அடுத்தது, இடுப்பிலிருந்து குனியப் பழகுதல். கொழுந்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பையோ விளக்குமாற்றுக் கட்டையையோ முதுகோடு நீளமாகப் பிடித்து, பின்தலையிலும் மேல்முதுகிலும் புட்டத்துக்கு நடுவிலும் அது தொட்டிருக்கும்படி, முழங்காலைச் சற்று மடக்கி இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். ஓரிடத்தில் கம்பு விலகினால் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். இது பழகிய பின்பு தண்ணீர்க் கேனை அதே விதமாகத் தரையிலிருந்து தூக்கப் பழகலாம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், எடைக்கட்டைகளே தேவையில்லை; ஐந்து லீற்றர் கேனில் எவ்வளவு ஊற்றுகிறீர்களோ அதுவே அளவு.

குதிகாலை உயர்த்துவது இறக்கத்தில் நடப்பவர்களுக்குக் கட்டாயமானது. சுவரைத் தொட்டுக்கொண்டு இரு குதிகால்களையும் உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். சில கிழமையில் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். கொழுந்து பறிப்பவர்களுக்கும் நாள் முழுவதும் கணினிக்கு முன்னால் இருப்பவர்களுக்கும் இழுக்கும் பயிற்சி முக்கியம்: பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, உறுதியான ஜன்னல் கம்பியில் மாட்டி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி இழுத்துத் தோள்பட்டை எலும்புகளை ஒன்றுக்கொன்று நெருக்க வேண்டும். டியூபில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், முகத்தில் அடிக்கும். இதற்கு எதிர்ப்பக்கமாகச் சுவரில் கைவைத்துத் தள்ளுதல். கடைசியாக, இரு கையிலும் சம எடையுள்ள கேன்களைப் பிடித்து நிமிர்ந்து நடத்தல்.

ஒவ்வொன்றையும் 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று, கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல் செய்யுங்கள். வயது வந்தவர்கள் கிழமைக்குக் குறைந்தது இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்த வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்து மூன்று நாளாவது செய்ய வேண்டும். இன்னும் இரண்டு மூன்று தடவை செய்யலாம் என்ற நிலையில் சுற்றை நிறுத்துங்கள். நான்கு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது காலை வேலைப் பிரிப்புக்கு, போகும் பெண்ணிடம் அரை மணிநேரம் ஒதுக்கச் சொல்வது நடக்காத காரியம். அவர்கள் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் குதிகால் பயிற்சி, பிள்ளை குளித்து வரும் வரை கதிரைப் பயிற்சி என்று துண்டு துண்டாகச் செய்யலாம், பலன் குறையாது. நுவரெலியாக் குளிரில், முக்கியமாக டிசம்பர், ஜனவரிக் காலைகளில், முதலில் பத்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிய பின்பே சுமையைத் தொடுங்கள்.

7. எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது

வலியைப் பூச்சியத்திலிருந்து பத்து வரை மதிப்பிடுங்கள். பயிற்சியின்போது மூன்று வரை வலிப்பது பொறுக்கத்தக்கது; மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் சுமை சரி. மறுநாளும் ஏறியே இருந்தால், அல்லது மூட்டு வீங்கினால், பயிற்சியை நிறுத்தாமல் சுமையையோ தடவைகளையோ பாதியாக்குங்கள். இரண்டு முறை தொடர்ந்து எல்லாச் சுற்றிலும் 12 தடவை இலகுவாக வந்தால் மட்டும், பத்திலொரு பங்குக்கு மேற்படாமல் எடையைக் கூட்டுங்கள். எடை, தடவை, நாள் ஆகிய மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் எது வலியை உண்டாக்கியது என்று கண்டுபிடிக்க முடியாது.

முதல் சில கிழமைகளில் வலு கூடுவது, தசையை ஏவ நரம்புகள் பழகுவதனால். தசைநாண்கள் மெதுவாகவே இறுகும். இதனால் நான்காம், ஐந்தாம் கிழமையில் "இப்போது எதையும் தூக்கலாம்" என்று தோன்றும். அதுதான் மீண்டும் காயம் வரும் கட்டம். பன்னிரண்டு கிழமைக்கு முன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சாதாரண இடுப்புப் பிடிப்பு ஆறு கிழமைக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும், அதற்காகக் கட்டிலில் கிடக்கத் தேவையில்லை; மெல்ல நடமாடுபவர்கள்தான் விரைவில் தேறுகிறார்கள்.

8. மலையிலும் வகுப்பறையிலும்

கூடைக் கயிறு நெற்றியில் இழுப்பதால் கழுத்து முன்னால் தள்ளப்படும். கூடையை இறக்கிய ஒவ்வொரு முறையும் நாடியை (முகவாயை) பின்னுக்கு இழுத்து ஐந்து செக்கன் பிடிப்பதை ஐந்து தடவை செய்யலாம். மடுவத்துக்கு அடிக்கடி போய்ப் பாதிச் சுமையாக இறக்க கங்காணி இடம் கொடுத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். 16 லீற்றர் மருந்து டாங்கியைத் தரையிலிருந்து முதுகுக்கு ஏற்றாமல், இடுப்பளவு உயரமான கல்லிலோ திட்டிலோ வைத்து மாட்டுங்கள். நாள் முழுவதும் நிற்கும் ஆசிரியர்கள் ஒரு காலில் சாய்ந்து நிற்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

9. சிவனொளிபாதமலைக்கு ஏறுவதாயின்

நல்லதண்ணிப் பக்கமாக ஏறத்தாழ 5,500 படிகள். உச்சி 2,243 மீற்றர். ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் முழங்காலைப் பிடிப்பது இறக்கம்தான். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அதற்குப் பழகாத தசை அடுத்த மூன்று நாளும் வலிக்கும். ஜனவரியில் போவதாயின் ஒக்டோபரிலேயே படியிறங்கும் பயிற்சியைத் தொடங்குங்கள்: ஒரு படியின் மேல் நின்று, ஒரு காலை முன்னால் நீட்டி, நான்கு எண்ணும் வரை மெதுவாகக் குதிகாலைக் கீழ்ப்படியில் தொட்டு, மேலே வாருங்கள். தாங்கி நிற்கும் முழங்கால் உள்ளே சாய்கிறதா என்று வீட்டிலுள்ள ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் பக்கத்து மலைப்பாதையில் ஒரு நீண்ட இறக்கம் இறங்கிப் பழகினால், பெரிய நாளில் தசை வலி கணிசமாகக் குறையும். முழங்கால் வீங்கியிருந்தால் அந்தப் பருவத்தைத் தவிர்த்துவிடுங்கள். மலை அடுத்த டிசம்பரிலும் அங்கேயே இருக்கும்.

10. வேறு பொறிகளும் மீள்பரிசோதனையும்

வெறும் வயிற்றில் டைக்குளோபெனக் போன்ற வலிமாத்திரையை நாட்கணக்காகக் குடிப்பது இரைப்பைப் புண்ணையும், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பையும் கொண்டுவரும். பெயர் எழுதாத கலவைக் குளிசையோ, என்ன மருந்து என்று சொல்ல மறுக்கும் ஊசியோ வேண்டாம். டவுனில் ஜிம்மில் சேர்வதாயின் சேர்வுக் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்பதை நினைவில் வைத்து, ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். புதியவருக்கு முதல் நாளே பெரிய எடையைக் கொடுக்கும் பயிற்றுநரிடமிருந்து விலகுங்கள். டப்பாவில் வரும் புரத மாவுக்குப் பதிலாக பருப்பு, கௌபி, கடலை, முட்டை, நெத்தலிக் கருவாடு போதும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் குறைவாகவே சேரும், ஆகவே ஒரு மணிநேரம் தள்ளிக் குடியுங்கள். இந்த ஊரில் இதைச் சொல்வது சற்று வேடிக்கைதான்.

ஆறாம் கிழமையிலும் பன்னிரண்டாம் கிழமையிலும் கதிரைக் கணக்கை மீண்டும் எடுத்து, கொப்பியில் எழுதி, அடுத்த கிளினிக்குக்கு அந்தப் பக்கத்தைக் கொண்டு போங்கள். ஆறு கிழமையில் எண்ணும் மாறவில்லை, வலியும் குறையவில்லை என்றால் திகதி வரும்வரை காத்திராமல் பிசியோதெரபிஸ்டிடம் திட்டத்தை மாற்றக் கேளுங்கள். காய்ச்சலாலோ கொழுந்து அதிகமான மாதத்தாலோ மூன்று கிழமைக்கு மேல் பயிற்சி விட்டுப்போயிருந்தால், விட்ட இடத்தில் பாதி எடையோடு தொடங்கி, இரண்டு கிழமையில் பழைய அளவுக்குத் திரும்புங்கள்.